கைவினைப் பரிசு அஞ்சலில் வந்தால்: பெறுவோருக்கான வழிகாட்டி

காடாத் துணியில் பொதிந்து, ஓரங்களைத் தடித்த நூலால் தைத்து, துணியின் மேலேயே மையால் முகவரி எழுதிய பொட்டலங்கள் முன்பு எல்லா அஞ்சலகங்களிலும் குவிந்து கிடக்கும். இப்போது அட்டைப்பெட்டியும் பழுப்பு நிற ஒட்டுநாடாவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உறை எதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பது தெரிந்தவர் ஒருவர் நமக்கென்று பல மாலைப்பொழுதுகளை ஒதுக்கித் தம் கையால் செய்த பொருள் என்று அறிந்தவுடன் ஒரு மகிழ்ச்சி தொற்றிக்கொள்கிறது. கையில் வாங்கும்போது தெரியும் எடை, அசைத்தால் கேட்கும் மெல்லிய ஓசை, ஊர்ப்பெயர் பதிந்த முத்திரை, பழகிய கையெழுத்து ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

அந்த மகிழ்ச்சியே கையை அவசரப்படுத்தியும் விடும் என்பதை நான் என் தவற்றால் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தி குரோஷா ஊசியால் வெள்ளைப் பருத்திநூலில் ஒரு மேசை விரிப்பைப் பின்னி அனுப்பியிருந்தார். வாசலில் வாங்கிய சூட்டோடு, சமையலறைக் கத்தியை எடுத்துப் பெட்டியின் நடுவே ஒரே இழுப்பாக இழுத்தேன். கத்தி நாடாவை அறுத்தது. அதற்குக் கீழே மடித்து வைத்திருந்த விரிப்பின் நான்கு கண்ணிகளையும் அறுத்தது. பொட்டலத்தை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தர அஞ்சலக எழுத்தர் முதல் அண்டை வீட்டார் வரை பலர் இருக்கிறார்கள். வந்ததை எப்படி வாங்க வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும், செய்தவருக்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்வோர் இல்லை. ஆகவே இவ்வழிகாட்டி பெரும்பாலும் பெறுவோருக்கானது.

பொட்டலம் புறப்படும் முன்

பரிசை வியப்பாக அனுப்ப விரும்புகிறவரும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி உங்கள் முகவரியைக் கேட்டே ஆக வேண்டும். காரணத்தைத் துருவிக் கேட்காமல், முழு முகவரியையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்ன முகவரி, கேட்டவர் எழுதும்போது பாதியாகிவிடும். சென்னை போன்ற இடங்களில் கதவுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இருப்பதால் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது. அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ கடையோ ஏதேனும் ஓர் அடையாளமும், உங்கள் கைப்பேசி எண்ணும் அவசியம்.

அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்த ஆறிலக்க எண்ணின் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது; தமிழ்நாட்டு எண்களும் கேரளத்து எண்களும் 6இல் தொடங்குவது அதனால்தான். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பொட்டலம் எந்தப் பகுதிக்கென்று பிரிக்கப்பட வேண்டும் என்பதையும், கடைசி மூன்று இலக்கங்கள் அதைப் பட்டுவாடா செய்ய வேண்டிய அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. கடைசி இலக்கத்தில் பிசகினால் பொட்டலம் பக்கத்து அஞ்சலகத்தில் இறங்கும். ஒருநாள் தாமதத்தோடு வந்து சேர்ந்துவிடவும் கூடும். முன்னிலக்கங்களில் பிசகினாலோ வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். புத்தகத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. ஓலைப்பெட்டியும் மண்பொம்மையும் கூடுதலாக ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கப்படும்போதும் ஒரு கண்டத்தைத் தாண்டி வருகின்றன.

அனுப்புகிறவர் பரிசு வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு செய்திகளை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கண்காணிப்பு எண். விரைவு அஞ்சலில் அது ஆங்கில எழுத்து இரண்டு, இலக்கம் ஒன்பது, கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் எழுத்து இரண்டு என மொத்தம் பதின்மூன்று இடங்கள் கொண்டதாக இருக்கும். 1986இல் தொடங்கிய விரைவு அஞ்சலோடு பழைய பதிவு அஞ்சல் சேவை 2025இல் இணைக்கப்பட்டுவிட்டது, ஆகவே “பதிவுத் தபாலில் அனுப்பட்டுமா?” என்று பெரியவர்கள் கேட்டால் விரைவு அஞ்சலையே பரிந்துரைக்கலாம். இரண்டாவது, பொருள் ஈரத்துக்கு அஞ்சுவதா என்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலையையோ காகிதக்கூழ் பொம்மையையோ அனுப்ப ஒருவர் நினைத்தால், “தை பிறந்ததும் அனுப்புங்கள்” என்று சொல்வதில் தவறில்லை. ஊருக்குப் போகும் நாட்களையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வாசலில்

வீட்டில் ஆளில்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம் என்று அஞ்சல்காரரிடம் ஒருமுறை சொல்லி வைத்தால் அவர் நினைவில் வைத்துக்கொள்வார். பல தெருக்களில் இது எழுதப்படாத ஏற்பாடாக இன்றும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியின் மேசைக்கு அடியில் தங்கும் பொட்டலங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அங்கே தரையைக் கழுவும் நீர் முதலில் தேடிப்போவது அந்த மூலையைத்தான். வாங்கி வைக்கச் சொல்லும்போதே, உயரமான இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள். யாரும் இல்லாமல் பொட்டலம் அஞ்சலகத்துக்கே திரும்பிப் போயிருந்தால், ஒரு வாரம் முடியும் வரை காத்திருக்காமல் அடையாளச் சான்றோடு நேரில் போய் வாங்கிவிடுங்கள். நாள் கடந்தால் அது அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பரிசு திரும்பி வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பொட்டலத்தின் ஆறு பக்கங்களையும் பாருங்கள். மூலை நசுங்கியிருக்கிறதா, அட்டையில் நீர் ஊறிய கறை இருக்கிறதா, நாடாவின் மேல் இன்னொரு நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா, மெதுவாகச் சாய்த்தால் உடைந்த துண்டுகள் உருளும் ஓசை கேட்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். ஐயமிருந்தால் வாங்குமுன்பே படம் எடுத்துக்கொண்டு, சிதைந்த நிலையில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். மோசமாகச் சிதைந்திருந்தால் அஞ்சலகத்தில் அலுவலர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கவும் கேட்கலாம். இதில் கூச்சப்பட வேண்டாம். அஞ்சல்காரரைக் குற்றம் சொல்வதற்காக இது செய்யப்படுவதில்லை; பிறகு முறையிட நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே சான்று இந்தப் படங்கள்தாம்.

பிரிக்கும் முறை

முதலில் தரையில் ஒரு வெளிர்நிறப் போர்வையை விரியுங்கள். மணி, பாசி, சிறு கம்பி, பொம்மையின் காதணி ஆகியவை உருண்டு ஓடாமல் அதில் தங்கும். சிமெண்டுத் தரையில் விழும் மண்பொருள் அங்கே உடையாமலும் தப்பும். மின்விசிறியை நிறுத்துங்கள். இது அற்பமாகத் தோன்றலாம். காகிதச் சுருள்களால் செய்த வாழ்த்து அட்டையைக் காற்றில் பறக்கவிட்டுத் துரத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு அப்படித் தோன்றாது.

துணியில் தைத்து வந்திருந்தால் துணியைக் கிழிக்காதீர்கள். தையல் தொடங்கிய முடிச்சைக் கண்டுபிடித்து அதை மட்டும் வெட்டினால், பெரும்பாலும் நூல் ஒரே இழையாக உருவி வந்துவிடும். துணியும் முழுசாகக் கிடைக்கும். அட்டைப்பெட்டியாக இருந்தால் கத்தியின் நுனியை மட்டும், ஒரு நெல்மணி அளவுக்கு மேல் உள்ளே போகாதபடி பிடித்து, பெட்டியின் இரு ஓரங்களிலும் உள்ள நாடாவை அறுத்த பிறகு நடுநாடாவைக் கையால் தூக்கி உரித்துவிடுங்கள். நடுவில் கத்தி வைக்கக் கூடாது என்பது நான் நான்கு கண்ணிகளை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு.

உள்ளே கடிதம் இருந்தால் பொருளைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். பொருளைப் பார்த்த பிறகே கடிதத்தைப் படிக்க வேண்டும், அதுதான் சுவை என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தவர்கள் பெரும்பாலும் கடிதத்தில்தான் “கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம்”, “இடக்கைப் பக்கம் இன்னும் ஒட்டு காயவில்லை” என்பன போன்ற செய்திகளை எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் தூக்கிவிட்டுப் பின்னர் படித்து வருந்துவதில் எந்தச் சுவையும் இல்லை.

திணித்திருக்கும் காகிதத்தையும் பஞ்சையும் இழுத்து எடுக்காமல் சுற்றிலும் தளர்த்தி, பொருளை அடியில் கைகொடுத்து ஏந்தி எடுங்கள். கைப்பிடி, காது, மூடியின் குமிழ் ஆகிய எவற்றையும் பிடித்துத் தூக்கக் கூடாது. உடையாமல் வந்து சேர்ந்த பல பொருட்கள் இந்தக் கட்டத்தில்தான் உடைகின்றன. திணிப்புக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடவிப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் உள்ளே இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அனுப்பியவரின் முகவரி எழுதிய பகுதியை வெட்டித் தனியே வைத்துக்கொள்வதும் இப்போது செய்ய வேண்டிய வேலைதான்.

பிரிப்பதைக் காணொலி அழைப்பில் காட்ட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். செய்தவரே கேட்டால் காட்டுங்கள். கேட்காதபோது, தனியே பிரித்து, நின்று நிதானமாகப் பார்த்து, பிறகு பேசுவதே மேல். ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் கத்தியுமாக எதையும் நன்றாகப் பார்க்க முடியாது.

முதல் நாள் ஓய்வு

உதகையிலிருந்து சென்னைக்கோ, ஓசூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ வந்த பொருள் வேறொரு காற்றுக்கு வந்திருக்கிறது. கடலோரத்தின் ஈரக்காற்றில் ஓலையும் கோரையும் காகிதக்கூழும் மரமும் சற்று உப்பும். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த பொருளை வெயிலோ குளிரூட்டியின் நேர்க்காற்றோ படாத நிழலான இடத்தில் ஒருநாள் அப்படியே விட்டுவிடுங்கள். மூடியும் பெட்டியும் சரியாகப் பொருந்தவில்லை, பாய் தரையோடு படியவில்லை என்று முதல்நாள் தோன்றும் குறைகளில் பாதி மறுநாள் தாமாகவே சரியாகிவிடும். துணிப்பொருளுக்கு மட்டும் இந்த ஓய்வு தேவையில்லை.

பொருளுக்கேற்ற கவனிப்பு

கொட்டான் என்னும் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை அஞ்சலில் வந்தால் ஒரு பக்கம் ஒடுங்கியிருப்பது வழக்கம். ஓலையை நனைத்துப் பதப்படுத்திய பிறகே முடைகிறார்கள் என்பதால், ஒடுங்கலை நீக்கவும் ஈரமே வழி. நன்றாகப் பிழிந்த துணியை ஒடுங்கிய இடத்தின்மேல் கால்மணி நேரம் போர்த்தி வைத்தால் ஓலை இளகும். பிறகு உள்ளே கசக்கிய வெள்ளைக் காகிதத்தை அடைத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் முழுதாகக் காய விடுங்கள். காய்ந்த நிலையில் விரலால் தள்ளி நிமிர்த்தினால் ஓலை முறியும். சாயமேற்றிய ஓலையாக இருந்தால் முதலில் உட்புறத்தில் ஈர வெள்ளைத்துணியை ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டானை நெகிழிப் பையில் கட்டி அலமாரியில் வைப்பதைவிடக் கேடு வேறில்லை. உள்ளே அடைபட்ட ஈரத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பூக்கும். பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து, இளங்காலை வெயிலில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். ஓலைச்சுவடிகளைக் காத்தவர்கள் புல்தைலம் தடவியது பூச்சி அரிக்காமலும் ஓலை வறண்டு முறியாமலும் இருப்பதற்காக. சாயமில்லாத கொட்டானுக்கு ஆண்டுக்கொருமுறை பஞ்சில் தொட்டு அதை மிக மெல்லிதாகத் தடவலாம்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் பரிசாக வந்தால் அது பெரும்பாலும் திருமணத்தையொட்டியே வரும். மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூரின் பழைய வழக்கம். 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அங்கிருந்து ஒரு பாய் பரிசாகப் போனதை இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பருத்தி அல்லது பட்டுப் பாவில் நெய்வதால், உயர்ந்த ரகப் பாய் கைக்குத் துணிபோலத் துவளும். துவள்கிறதே என்று அதை மடித்துவிடக் கூடாது. பாயைச் சுருட்டித்தான் அனுப்பியிருப்பார்கள். விரித்தவுடன் மீண்டும் சுருளத்தான் பார்க்கும். அதற்காக ஓரங்களில் கனமான பொருளை ஏற்றாமல், மறுபக்கமாகத் தளரச் சுருட்டி ஓரிரவு வைத்துவிட்டு விரித்தால் படிந்துவிடும். யாராவது மடித்து அனுப்பி மடிப்புக்கோடு விழுந்திருந்தால், நன்றாகப் பிழிந்த துணியை அந்தக் கோட்டின்மேல் சற்று நேரம் வைத்து, மேலே ஒரு பலகையை இரவெல்லாம் வைத்திருந்து, மறுநாள் நிழலில் ஆற விடுங்கள். சாயம் இறங்குமா என்ற சோதனை இதற்கும் உண்டு. பெயர் நெய்த பாயைத் தரையில் விரித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, ஆம் என்பதே. நெய்தவர் அதைப் படுப்பதற்காகத்தான் நெய்தார். செருப்பும் நேர்வெயிலும் மட்டும் ஆகாது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் இரண்டு வகை உண்டு. அடி உருண்டையாகவும் கனமாகவும் அமைந்து, தள்ளினால் சாய்ந்து மீண்டும் நிமிரும் ராஜா ராணி பொம்மை ஒருவகை. பாவாடை, உடல், தலை எனத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்பிமுனையில் நிற்க வைக்கும் நடனப் பெண் பொம்மை மற்றொரு வகை. 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இப்பொம்மைகளில் காகிதக்கூழும் களிமண்ணும் பாரிஸ் சாந்தும் பயன்படுகின்றன. இவை எல்லாமே ஈரத்துக்குப் பகை. ஆகவே ஈரத்துணியால் துடைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். சாய்ந்தாடும் பொம்மையைச் சமதரையில் வைத்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். நேராக நிமிர்ந்தால் அடிமண் பழுதில்லாமல் வந்திருக்கிறது. ஒருபக்கமாகவே சரிந்து நின்றால் உள்ளே மண் விரிசல் கண்டிருக்கக்கூடும். அதை அடித்தும் தட்டியும் சரிசெய்ய முயலாதீர்கள். நடனப் பொம்மையைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு துண்டாக ஏற்றுங்கள். தலை ஆடாமல் ஒருபக்கம் சாய்ந்தால் கம்பி வழியில் வளைந்திருக்கிறது என்று பொருள்; விரலால் மிகச் சிறிதாக நிமிர்த்திப் பார்க்கலாம், குறடு கொண்டு திருகக் கூடாது. சுற்றியிருந்த காகிதம் வர்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்து உரிக்காமல், நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக விடுவியுங்கள்.

நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமான நூலால் இழை எண்ணித் தைக்கும் சித்திரத்தையல் போர்வையோ பையோ வந்தால், இருபக்கமும் பார்த்து வையுங்கள். எது மேற்புறம் என்று தேடித் தடுமாறும் அளவுக்கு இரண்டும் நேர்த்தியாக இருக்கும். முதல் சலவையில் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, தனித் துவைப்பு. சிவப்பு நூலில் ஈர வெள்ளைத்துணியை அழுத்திப் பார்த்த பிறகே அதையும் செய்ய வேண்டும். முறுக்கிப் பிழியாதீர்கள். குரோஷாப் பின்னலும் கம்பளிப் பின்னலும் ஈரத்தோடு கொடியில் தொங்கினால் தம் எடையாலேயே நீண்டுவிடும். துண்டின்மேல் பரப்பி வடிவத்தைக் கையால் ஒழுங்குபடுத்திக் காயப்போட வேண்டும். எடுத்து வைக்கும்போது நாப்தலின் உருண்டை நூலில் நேரடியாகப் படாமல் துணிமுடிச்சில் கட்டி வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும் என்பது என் கட்சி.

சுடுமண் பொருளுக்கு உலர்ந்த தூரிகை போதும். வர்ணம் பூசாத அகல்விளக்காக இருந்தால், முதன்முறை ஏற்றுமுன் நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள், எண்ணெயை மண் குடிப்பது குறையும்; வர்ணம் பூசியதை நனைக்க வேண்டாம். காகித வேலைப்பாட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுவிடுவதே நிலையான தீர்வு.

உடைந்து வந்தால்

உடைந்த துண்டுகளை உடனே ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் உடைந்த விளிம்பின் நுண்துகள்கள் உதிர்ந்து, பிறகு ஒட்டும்போது கோடு அகலமாகத் தெரியும். தூசு உட்பட எல்லாத் துண்டுகளையும் ஒரு காகித உறையில் சேர்த்து, படமெடுத்து வையுங்கள். மரத்துக்கும் காகிதக்கூழுக்கும் பெவிகால் போன்ற வெள்ளைப் பசை பொருந்தும். சுடுமண்ணுக்கு அரால்டைட் போன்ற இருகலவைப் பசை வேண்டும். ஆனால் பசையை எடுப்பதற்கு முன் செய்தவரிடம் கேளுங்கள். எங்கே எந்தப் பொருளால் இணைத்தோம் என்பது அவருக்குத்தான் தெரியும். பல நேரங்களில் உடைந்த பகுதியை மட்டும் அவரே செய்து தந்துவிடுவார்.

உடைந்ததைச் சொல்லலாமா, மறைப்பதுதானே மரியாதை என்ற குழப்பம் இங்கே எல்லாருக்கும் வரும். நானும் சித்தியிடம் இரண்டு வாரம் மறைத்தேன். “விரிப்பு போட்டாயா, எப்படி இருக்கிறது?” என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் மழுப்பினேன். கடைசியில் ஒப்புக்கொண்டபோது அவர் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த அதே நூற்கண்டையும் ஒரு குரோஷா ஊசியையும் உறையில் போட்டு அனுப்பினார்; அறுந்த கண்ணிகளை எடுத்துப் பின்னும் முறையைக் கோடு போட்டுக் காட்டிய தாளும் உடன் இருந்தது. சொல்லும் வரிசை மட்டும் முக்கியம். முதலில் நன்றாக வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள், அடுத்து உடைந்ததைச் சொல்லுங்கள், உடனேயே எப்படிச் சரிசெய்வது என்று அவரிடம் கேளுங்கள். “இப்படிக் கட்டியிருக்கக் கூடாது” என்ற சொல் மட்டும் வரக் கூடாது. அடுத்த முறை அவரே அதைக் கேட்பார்.

கடல் கடந்து வரும் பரிசும் போகும் பரிசும்

வெளிநாட்டிலிருக்கும் மகளோ நண்பரோ பின்னிய ஸ்வெட்டர் இந்தியாவுக்கு அஞ்சலில் வந்தால் சுங்கவரி கேட்கப்படலாம். அஞ்சலில் வரும் பரிசுகளுக்கு முன்பு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. ராக்கிக் கயிற்றுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு தொடர்ந்தது. அனுப்பியவர் வரியை எதிர்பார்த்திருக்க மாட்டார் என்பதால், செலுத்திய தொகையை அவரிடம் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இங்கிருந்து போவதற்கும் நடைமுறைகள் உண்டு. உள்ளிருக்கும் பொருளையும் அதன் மதிப்பையும் சுங்கப் படிவத்தில் எழுதி வெளியே ஒட்ட வேண்டும். வியப்புப் பரிசின் பெயர் உறையின் மேலேயே எழுதப்பட்டிருப்பது இதில் உள்ள வேடிக்கை. பிரிட்டனில் தனியாள் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டு மதிப்புக்கு உட்பட்டிருந்தால் இறக்குமதி வரிகள் இல்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தாவரப் பொருட்களில் மிகக் கண்டிப்பானவை. அந்நாடுகளில் இருப்பவர்கள் ஓலை, கோரை, விதைமணி ஆகியவற்றால் செய்த பரிசு வரப்போகிறது என்று தெரிந்தால், அனுப்புகிறவரிடம் அதைப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதும்படியும், வைக்கோலையோ வேப்பிலையையோ உள்ளே திணிக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி

பொருள் வந்து சேர்ந்தது என்ற ஒற்றை வரிச் செய்தியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்; செய்தவர் கண்காணிப்பு எண்ணைப் பார்த்தபடி காத்திருப்பார். உண்மையான மறுமொழி இரண்டு மூன்று நாட்கள் கழித்து, பொருளோடு பழகிய பிறகு எழுதப்பட வேண்டியது.

நம் ஊரில் பரிசு வாங்குகிறவர் வாயில் முதலில் வருவது, “எதுக்கு இவ்வளவு சிரமம்?” என்ற கேள்விதான். அன்பினால் வரும் சொல்தான். ஆனால் நாற்பது மாலைகள் உட்கார்ந்து பின்னியவருக்கு, அந்த நாற்பதும் வேண்டாத வேலை என்று அது கேட்கக்கூடும். “அப்படியே கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறது” என்பது அதைவிடக் கடினமான பாராட்டு. கடையில் வாங்க முடியாததைத்தானே அவர் செய்தார்? “இதை விற்றால் எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்பவர்களைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

இவற்றுக்கு மாற்றாகப் பொருளில் நீங்கள் கண்ட மூன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கொட்டானின் அடியில் ஓலை திரும்பும் இடத்தில் முனை தெரியாமல் செருகியிருப்பது, விரிப்பின் நான்காம் வரிசையில் வடிவம் மாறுவது, பொம்மையின் இடக்கண் வலக்கண்ணைவிடச் சற்றே பெரிதாக இருப்பது என எதுவாகவும் இருக்கலாம். இடக்கண்ணைப் பற்றிக் குறையாகச் சொல்லாமல், அதுவே பொம்மைக்கு ஒரு குறும்புத்தனத்தைத் தருகிறது என்று உண்மையாகவே தோன்றினால் எழுதுங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். செய்தவர்களுக்குத் தாம் எங்கே தடுமாறினோம் என்பது நன்றாகத் தெரியும், பொய்யான பாராட்டு அந்த இடத்தில்தான் பிடிபடும். பொருளை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் மேசைமேல் வைத்து எடுத்த படத்தைவிட, கொட்டானில் வெற்றிலை இருப்பதும் பாயில் குழந்தை உறங்குவதுமான படமே அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பது. செய்தவர் வயதானவராக இருந்தால் கைப்பேசிச் செய்தியோடு நிற்காமல் ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்றும் போடுங்கள். அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

திருப்பி ஏதாவது அனுப்ப வேண்டுமே என்ற எண்ணம் உடனே எழும். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராமல் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருகிற பழக்கம் நம்முடையது. அவசரமில்லை. தைத்து வந்த காடாத் துணியையும் நல்ல நிலையிலுள்ள பெட்டியையும் எடுத்து வைத்திருங்கள். உங்களுக்குப் பின்னவோ முடையவோ வராது என்றால், நீங்கள் போட்ட வற்றலோ, உங்கள் மாடித்தோட்டத்து விதையோ அதே துணியில் பொதிந்து ஒருநாள் போகட்டும்.

இறுதியாக ஒரு சிறு வேலை மீதமிருக்கிறது. தடித்த வெள்ளை அட்டையில், மை கசியாதபடி பென்சிலால், செய்தவர் பெயர், ஊர், வந்து சேர்ந்த நாள், பயன்படுத்திய பொருள், கடிதத்தில் அவர் சொல்லியிருந்த எச்சரிக்கை ஆகியவற்றை எழுதி, பொருளோடு நூலால் கட்டியோ அடியில் வைத்தோ விடுங்கள். என் வீட்டு மேசை விரிப்பின் அட்டையில், சித்தியின் பெயருக்குக் கீழே “நான்கு கண்ணிகள் மட்டும் என் கைவேலை” என்று எழுதியிருக்கிறேன்.